நம்ம ஊர் சோடா, மிட்டாய், எண்ணெய்க்காரர்களை உண்மையில் எப்படித் தாங்கிப் பிடிப்பது?

ஜூன் 9, 2024

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நம்ம ஊர்க்காரர் செய்ததைத்தான் வாங்கணும் என்று எல்லோரும் சொல்கிறோம். பிறகு ஏன் ஊருக்கு ஊர் இருந்த சோடா கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன? ஏன் கடலை மிட்டாய் போடுகிறவரின் மகன் அந்தத் தொழில் பக்கமே வரமாட்டேன் என்கிறான்?

ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். 2017ல் பார்த்தோமே. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டோடு வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. பெட்டிக்கடையில் போய் நின்றால் பள்ளிக்கூடத்துப் பையன்கூட போவொண்டோ இருக்கா, பன்னீர் சோடா இருக்கா என்றுதான் கேட்டான். போவொண்டோ போடுகிற காளிமார்க் 1916ல் விருதுநகரில் தொடங்கிய கம்பெனி, வண்டி, ஆள், பாட்டில் எல்லாம் கையில் இருந்தது, சமாளித்தார்கள். தெருவுக்குள் ஒற்றை மெஷினை வைத்து ஓட்டுகிறவர் என்ன செய்வார்? கேட்டு ஆள் வருகிறது, கொடுக்கப் பாட்டில் இல்லை. பாட்டில் வாங்கக் காசு இல்லை. காசெல்லாம் கடை கடையாகப் பாக்கியில் நிற்கிறது.

அதனால் நான் சொல்ல வருவது: இவர்களைக் கொல்வது கடன் பாக்கி. ருசி, விளம்பரம், பேக்கிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஜூன் 10, 2024

"பாட்டில் இல்லாமல் எப்படி ஒரு சோடா கம்பெனி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் தாய்மாமா சோடா கம்பெனி வைத்திருந்தார், லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கோலி சோடா பாட்டிலை மெஷினில் மாட்டித் தலைகீழாகச் சுற்றித்தான் கேஸ் ஏற்றுவார்கள். கேஸ் ஏறினதும் உள்ளே இருக்கிற கோலி வாய்ப்பக்கம் வந்து ரப்பர் வாஷரில் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும், மூடியே வேண்டாம். 1872ல் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. வாஷர் தேய்ந்திருந்தால் கேஸ் நிற்காது. கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஏற்றும்போது பாட்டில் வெடிக்கும், அதனால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாமா மாட்டுவார். அவருடைய இடது புறங்கையில் கண்ணாடி கிழித்த தழும்புகள் உண்டு.

இதில் முதலீடு முழுக்கப் பாட்டிலில்தான். உள்ளே இருக்கிற தண்ணீர், சர்க்கரை, எசன்ஸ் எல்லாம் அதற்கு முன்னால் சொற்பம். பாட்டில் கடைக்குப் போய், காலியாகித் திரும்பி வந்தால்தான் மறுநாள் தொழில். கடைக்காரர் இரண்டு கிரேட்டைப் பின்கட்டில் போட்டு மறந்துவிட்டால் அந்த வாரம் அவ்வளவுதான். விற்ற பணம் தனிப் பாக்கி, திரும்பாத பாட்டில் தனிப் பாக்கி.

வரியையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சர்க்கரை போட்ட கேஸ் பானத்துக்கு வரி மொத்தம் 40 சதவீதம். பன்னாட்டுக் கம்பெனிக்கும் அதே 40, சந்துக்குள் பன்னீர் சோடா போடுகிறவருக்கும் அதே 40. சிறு வியாபாரிகள் குறைந்த விகிதத்தில் ஒரே தொகையாகக் கட்டிவிட்டுப் போகிற காம்போசிஷன் வழியும் 2019 அக்டோபரிலிருந்து கேஸ் பானம் தயாரிப்பவர்களுக்கு அடைக்கப்பட்டுவிட்டது. இது மாறவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஜூன் 14, 2024

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ருசியாக இருக்கிறது, எப்படி நம்பி வாங்குவது?"

இருக்கட்டுமே. ஆனியில் அடித்த வெல்லமும் தையில் அடித்த வெல்லமும் ஒன்றாகவா இருக்கும்? ஆனால் கேஸ் இறங்கின சோடாவையும் சிக்கு வாடை அடிக்கிற காராச்சேவையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேலைக் குறை. அதை நேரில் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள். பெரிய கம்பெனிக்குப் புகார் எழுதினால் ஒரு தானியங்கிப் பதில் வரும், இங்கே சேவு பிழிந்தவரே உங்கள் எதிரில் நிற்கிறார்.

ஜூன் 23, 2024

கடன் பாக்கி என்று சும்மா சொல்லிவிட்டுப் போனால் போதாது, அது எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள் என்றார் சேலத்து நண்பர். சரி.

சின்னத் தயாரிப்பாளர் வாரம் ஒரு நாள் லைன் போவார். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் பை, முன்னால் ஒரு அட்டைப்பெட்டி. பலசரக்குக் கடையில் ஒரு சரம் முறுக்குப் பாக்கெட் தொங்கவிடுவார், போன வாரச் சரத்துக்குக் காசு கேட்பார். "பாதிதான் போயிருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்." அடுத்த வாரம், நமுத்துப்போன நாலு பாக்கெட் ரிட்டர்ன். எலி கடித்ததும் ரிட்டர்ன்தான். அந்த ரிட்டர்னை அவர் என்ன செய்வார், மாட்டுக்குப் போடுவார். பெரிய பிராண்டின் சேல்ஸ்மேன் வந்தால் அதே கடைக்காரர் கல்லாவைத் திறந்து ரொக்கம் கொடுப்பார், கொடுக்காவிட்டால் சரக்கு இறங்காது. கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய பணத்தைத்தான் நாம் மாதக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோமே.

சூப்பர் மார்க்கெட் கதை வேறு. என் அண்ணி இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி போடுகிறார். ஒரு சங்கிலிக் கடையில் எடுத்துக்கொண்டார்கள், பேர் வேண்டாம். அலமாரியில் இடம் தர ஒரு தொகை, திறப்பு விழாவுக்கு இலவசச் சரக்கு, பில்லில் கழிவு. பணம் மூன்று மாதம் தள்ளி வந்தது, அதுவும் ரிட்டர்ன் பிடித்தம் போக. மிளகாய் வற்றல் மண்டியில் அண்ணிக்கு யாரும் மூன்று மாதம் தவணை தரமாட்டார்கள். நகையை வைத்துத்தான் மிளகாய் வாங்கினார்.

சட்டம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 2006ல் வந்தது. குறு, சிறு தொழில்களிடம் சரக்கு எடுத்தவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் பேசுபொருளாகிவிட்டது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைச் சரக்கு வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கிற ஆண்டில்தான் காட்டலாம். இதெல்லாம் செல்லுபடியாக, விற்பவருக்கு உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும். அது இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஜூன் 24, 2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். சட்டம் இருக்கிறது என்று முடித்தது எனக்கே போதவில்லை. பாக்கி தராதவர்மேல் அரசின் இணையதளத்தில் புகார் போடலாம்தான், ஆனால் போட்ட மறுநாள் அந்தக் கடையில் ஆர்டர் நின்றுவிடும் என்பது அண்ணிக்கும் தெரியும், கடைக்கும் தெரியும். ஆகவே சட்டத்தைவிடச் சீக்கிரம் பலன் தருவது நேரடியாக வாங்கி உடனே காசு தருவதுதான். ஜிபே அடித்தால் அன்றைக்கே மிளகாய் வாங்குவார்.

ஜூலை 6, 2024

செக்கு எண்ணெய் பற்றி ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். எது அசல், எப்படிக் கண்டுபிடிப்பது?

முகர்ந்து பார், ஃபிரிட்ஜில் வைத்துப் பார் என்று வாட்ஸப்பில் வருவதை எல்லாம் விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் செக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆடவேண்டும். இன்றைக்கு உங்கள் ஊர் மண்டியில் பருப்பு கிலோ என்ன விலை என்று விசாரியுங்கள். இரண்டரையால் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்கிற காசைக் கழியுங்கள். மின்சாரம், கூலி, வாடகை, பாட்டில் சேருங்கள். வருகிற தொகைக்குக் கீழே ஒருவர் "மரச்செக்கு" என்று எழுதி விற்றால், அந்தப் பாட்டிலுக்குள் வேறு ஏதோ இருக்கிறது. நல்லெண்ணெய்க்கும் ஏறக்குறைய இதே அளவு எள் போகும், ஆட்டும்போது போடுகிற கருப்பட்டிச் செலவு தனி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒழுங்காக ஆட்டுகிறவரைப் பக்கத்துத் தெருப் பெரிய கம்பெனி காலி பண்ணுவதில்லை. 'செக்கு' என்று ஸ்டிக்கர் ஒட்டி ரீஃபைண்டு கலந்து விற்கிறவர்தான் காலி பண்ணுகிறார். நாம் போய் ஒழுங்காக ஆட்டுகிறவரிடம், "அங்கே இதைவிட அறுபது ரூபாய் கம்மி" என்று சொல்கிறோம். வாகை மரச் செக்கு மெதுவாகத்தான் சுற்றும், ஓர் ஆட்டு முடிய ஒரு மணி நேரம் பக்கமாக ஆள் நிற்கவேண்டும், ஆடின எண்ணெயை வெயிலில் தெளியவைக்கவேண்டும். அவர் அறுபது ரூபாயை எதிலிருந்து குறைப்பார்?

ஜூலை 7, 2024

தேங்காய் எண்ணெய்க்கு மேலே சொன்ன கணக்கு வராது. கொப்பரையில் எண்ணெய் அதிகம், இரண்டு கிலோவுக்கும் குறைவாகவே போதும்.

இன்னொன்று, முடிந்தால் பருப்பை நீங்களே வாங்கிக்கொண்டு போய் ஆட்டிக் கொண்டு வாருங்கள். ஆட்டுக்கூலி ரொக்கமாகக் கிடைப்பதால் செக்குக்காரருக்கு இதுதான் பிடித்த வியாபாரம். புண்ணாக்கைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள், அது ஊர் வழக்கப்படி.

ஜூலை 21, 2024

கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு கடைகளில் எங்கே பார்த்தாலும் உடன்குடிக் கருப்பட்டிதான். அந்த வட்டாரத்தில் இருக்கிற பனை ஏறிகள் எத்தனை பேர், வருடத்தில் எத்தனை மாதம் பதநீர் இறங்கும் என்று யாராவது யோசித்தால் இந்தக் கணக்கும் உதைக்கும்.

ஒருவர் விடியலுக்கு முன்னால் ஏறி, மறுபடி சாயங்காலம் ஏறி, பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கின பதநீரை அன்றைக்கே காய்ச்சியாகவேண்டும். காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், ஓலையும் சுள்ளியும் எரித்து, புகைக்குள் நின்று. கூப்பதனி என்கிற கெட்டிப் பாகு பதத்தில் எடுத்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஏழெட்டு லிட்டர் பதநீர் காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். இந்த உழைப்போடு சீனியைக் கரைத்துக் காய்ச்சின கருப்பட்டி விலையில் போட்டி போடுகிறது, பாதி விலைக்கு.

பனை ஏறியிடம் பிரச்சினை கடையைவிட மோசம். பருவத்துக்கு முன்பே வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுவார், அந்தக் கடனுக்காகக் கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்குத் தரவேண்டும். அந்த முன்பணத்தை நாம் ஏன் கொடுக்கக்கூடாது? எங்கள் அடுக்ககத்தில் சில வீடுகள் சேர்ந்து தை மாதமே ஒரு குடும்பத்துக்குப் பாதிப் பணம் அனுப்பினோம், வைகாசியில் ஓலைக் கொட்டானில் சரக்கு வந்தது. மழைக்காலத்தில் லேசாகக் கசியும் என்று சொல்லியே அனுப்பினார்கள். கசிந்தது, டப்பாவில் போட்டு மூடி வைத்துக்கொண்டோம்.

ஜூலை 22, 2024

கள் பற்றிப் பேசச் சொல்லி இரண்டு பேர். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை, பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. பனை ஏறிக்கு வருடம் முழுக்கச் சோறு போடக்கூடியது எது என்று கேட்டால் தடையை நீக்கவேண்டும் என்பதுதான் என் பக்கம். ஆனால் குடியால் நொந்த குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு, எதிர்ப்பவர்களின் பேச்சும் எனக்குக் கேட்கிறது. இந்த இழையில் இதற்கு மேல் வேண்டாம், சண்டையில் முடியும்.

ஆகஸ்ட் 4, 2024

புவிசார் குறியீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கோவில்பட்டிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். சந்தோஷம்தான். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019ல், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல், மணப்பாறை முறுக்குக்கும் ஊட்டி வர்க்கிக்கும் 2023ல் கிடைத்தது. கரிசல் காட்டு நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று கோவில்பட்டிப் பக்குவம் பதிவாகியிருப்பதே பெரிய விஷயம்.

ஆனால் குறியீடு சங்கத்தின் பேரில் பதிவாகிறது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனியாக விண்ணப்பித்து அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் ஆனால்தான் அந்த முத்திரையைப் பாக்கெட்டில் போட முடியும். பத்து வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, நமக்குத் தூரமில்லை. இருந்தும் அடுப்படியை விட்டு ஒரு நாள் நகர முடியாதவருக்கு அந்தப் படிவம் மலைதான். படித்த பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது தெரிந்த மிட்டாய்க் கம்பெனிக்கு ஒரு மத்தியானம் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். பத்துப் பாக்கெட் வாங்குவதைவிட அது உதவி.

ஆகஸ்ட் 5, 2024

முறுக்கு பற்றி விட்டுப்போனது: மணப்பாறையில் முறுக்கைப் பாதி வேக்காட்டில் எடுத்து ஆறவிட்டு மறுபடி பொரிப்பார்கள். அந்த மொறுமொறுப்புக்கு உப்புச் சுவையுள்ள ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். ரயில் ஜன்னலில் வாங்கினவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகஸ்ட் 18, 2024

காபிக்கு வருவோம், இவ்வளவு பேசிவிட்டு அதை விட்டால் வீட்டில் விடமாட்டார்கள். ஏற்காடு, பழனி மலை, கொல்லிமலைக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கிற சின்னக் கடைகள் இன்னும் நிறைய ஊர்களில் உண்டு. சிக்கரி கலந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிடுவது கட்டாயம், சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விலையை ஒப்பிடும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். பாதி சிக்கரிப் பாக்கெட்டையும் முழுக்காபியையும் பக்கத்தில் வைத்து, தெருக்கோடிக் கடை விலை ஜாஸ்தி என்பது அநியாயம். தேயிலைக்கு நீலகிரியின் இன்ட்கோசர்வ் இருக்கிறது, சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் சேர்ந்தது. அது சின்னத் தயாரிப்பாளர் என்ற கணக்கில் வருமா? என்னைப் பொறுத்தவரை வரும், அரை ஏக்கர் வைத்திருப்பவரின் கொழுந்துதான் அதற்குள் போகிறது.

செப்டம்பர் 15, 2024

கோபமாக எழுதுகிறேன். "வீட்டுல செய்றது, அதுக்கு எதுக்கு லைசென்ஸ், சும்மா அதிகாரிகள் தொந்தரவு" என்று இங்கே ஒருவர் எழுதி அதற்கு அத்தனை பேர் கைதட்டியிருக்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊறுகாய், பொடி, எண்ணெய் எல்லாம் வயிற்றுக்குள் போகிறது. 2024 கணக்குப்படி, ஆண்டு வியாபாரம் 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இதைக்கூடச் செய்யாதவருக்கு நான் ஆதரவு தரமாட்டேன், செய்யத் தெரியாதவருக்குச் செய்து கொடுப்பேன்.

வாங்குகிறவர்களுக்கு: பாக்கெட்டில் அந்தத் துறை தந்த 14 இலக்க எண் இருக்கும். 1ல் தொடங்கினால் உரிமம், 2ல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளர் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. ஆகவே 224 என்று ஆரம்பித்தால் நம்ம மாநிலத்துச் சின்னக் கை என்று அர்த்தம். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

அக்டோபர் 6, 2024

தீபாவளி 31ஆம் தேதி. பலகாரத்துக்கு உங்கள் ஊர்த் தயாரிப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் போய் நின்றால் அவர்களால் முடியாது, அவசரத்தில் எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவார்கள். ஆபீஸில் மொத்தமாகப் பெட்டி கொடுக்கிற பொறுப்பு உங்களிடம் இருந்தால், அந்த ஆர்டரை உங்கள் ஊர் முறுக்குக்காரருக்குக் கொடுங்கள், பாதி முன்பணம், மீதி சரக்கு இறங்கின அன்றே. பில் கேளுங்கள். பில் இருந்தால் வங்கியில் அவருக்கு ஒரு மரியாதை கிடைக்கும். சின்ன உணவுத் தயாரிப்பாளர்களுக்காக 2020ல் வந்த பிஎம்எஃப்எம்இ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மெஷினுக்குக் கடன் வாங்கினால் 35 சதவீதம், 10 லட்சம் வரை மானியம் உண்டு, ஆனால் வங்கி முதலில் கேட்பது வியாபாரக் கணக்கைத்தான். அண்ணி பொடி மெஷினுக்கு விண்ணப்பித்தபோது கைகொடுத்தது அடுக்ககத்து ஆர்டர்களுக்குப் போட்ட பில்தான். கடன் போன மாதம் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 13, 2024

தூத்துக்குடி மக்ரூனைக் கொரியரில் வரவழைக்கலாமா என்று கேட்டவருக்கு: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான் அதில் இருப்பது. காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும், ஐப்பசி மழையில் அனுப்பச் சொல்லி பேக்கரிக்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள். பதிலாக முதலூர் மஸ்கோத் அல்வா கேளுங்கள், தேங்காய்ப் பாலில் கிண்டியது, பஸ் பார்சலில் வந்தாலும் ஒன்றும் ஆகாது. பணத்தை முதலில் அனுப்பிவிடுங்கள்.